ஊசி போட்டும் ஒதுங்கியிருப்பது ஏன்?

(ரமளானை முன்னிட்டு, நமது அறக்கட்டளையின் மருத்துவ உதவிப் பிரிவு 2022 மார்ச் கடைசி வாரத்தில் நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில், சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்ற நமது ஊர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. வந்திருந்தவர்கள் பலர் எழுத்தில் வேண்டும் என்று கேட்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)





முதலில் ஒரு மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் அங்கே உட்காராமல் இந்த வாசலோரத்தில், ஜன்னல் பக்கத்தில் நின்றுகொண்டு பேசுகிறேன். முகக்கவசத்தையும் கழற்றவில்லை. உள்ளே வரும்போது இரண்டு மூன்று பேர் கை நீட்டினீர்கள். நான் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொன்னேனே தவிர, முஸாஃபஹா செய்யவில்லை. யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது ஏன் என்று சொல்லத்தான் என்னை இங்கே கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை, ஆலிமும் இல்லை. பஜாரில் கடை வைத்திருக்கும் ஒரு வியாபாரி. என் உடம்பில் நடந்ததையும், என் டாக்டர் எனக்கு விளக்கியதையும் சொல்கிறேன். என்னைப் போன்றவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர் வெளியே சொல்லாமல் வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துப் பேசுகிறேன்.

ராத்தா கொடுத்த அமானிதம்

2017-ல் எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. அதற்கு முன்னால் ஒன்றரை வருடம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அந்த நாட்களில் நம் அறக்கட்டளை செய்த உதவியை நான் மறக்கவில்லை. கடைசியில் என் கூடப் பிறந்த ராத்தா தன்னுடைய ஒரு கிட்னியை எனக்குக் கொடுத்தார்கள். ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்து, மச்சானும் முழு மனதோடு சம்மதித்த பிறகுதான் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கு ராத்தாவும் நன்றாக இருக்கிறார்கள், நானும் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ராத்தா எவ்வளவு பாசத்தோடு கொடுத்தாலும், என் உடம்புக்கு அந்தக் கிட்னி அந்நியம்தான். வெளியிலிருந்து வந்த எதையும் எதிர்த்து அழிக்கும்படி அல்லாஹ் நம் உடம்பில் ஒரு காவலை வைத்திருக்கிறான். கிருமி வந்தாலும் எதிர்க்கும், ராத்தாவின் கிட்னி வந்தாலும் எதிர்க்கும். அதற்கு வித்தியாசம் தெரியாது. அதனால் அந்தக் காவலைத் தூங்க வைக்க மாத்திரை சாப்பிட வேண்டும். டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், கூடவே ப்ரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு. காலை எட்டு மணி, இரவு எட்டு மணி. கிட்னி இருக்கிற வரைக்கும் இந்த மாத்திரை உண்டு. நிறுத்தினால் உடம்பு கிட்னியைத் தாக்க ஆரம்பித்துவிடும்.

நான் இதை ஒரு அமானிதமாக நினைக்கிறேன். ராத்தா என்னிடம் ஒப்படைத்த பொருள். அதைக் காப்பாற்றுவது என் கடமை. ஆனால் அதைக் காப்பாற்றும் அதே மாத்திரைதான் நோய்க்கு என் கதவைத் திறந்தும் வைக்கிறது.

பாடம் ஏறாத பிள்ளை

2021 மார்ச்சில், நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும் நோயாளிகளுக்கு ஊசி போடலாம் என்று அரசு அறிவித்தது. அந்த நோய்களின் பட்டியலில் உறுப்பு மாற்று செய்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அப்போது நாற்பத்தேழு. டாக்டரிடம் சான்று வாங்கிக்கொண்டு அந்த மாதமே முதல் ஊசி போட்டேன். கோவிஷீல்டு. மே மாதத் தொடக்கத்தில் இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டேன். வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. என் மனைவி அன்றைக்குப் பாயசம் காய்ச்சினாள்.

ஜூன் மாதம் வழக்கமான பரிசோதனைக்குப் போன இடத்தில், ஒரு ஆசையில், எதிர்ப்பணு இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து எடுத்தேன். அதே வாரத்தில் என் மகனும் எடுத்தான். அவன் ஒரு ஊசிதான் போட்டிருந்தான். அவனுக்கு நிறைய இருந்தது. இரண்டு ஊசி போட்ட எனக்கு ‘இல்லை’ என்று வந்தது.

அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். ஊசி கெட்டுப்போனதா, தண்ணீரைப் போட்டுவிட்டார்களா என்றெல்லாம் சந்தேகம் வந்தது. டாக்டரிடம் கேட்டேன். அவர் சொன்னதை நம் பிள்ளைகளின் மதரஸாவை வைத்து உங்களுக்குச் சொல்கிறேன்.

தடுப்பூசி என்பது ஒரு உஸ்தாது மாதிரி. உடம்பின் காவல் அணுக்களுக்குப் பாடம் நடத்துகிறது. ‘இந்த மாதிரி முகத்தோடு ஒரு கிருமி வரும், வந்தால் விடாதே’ என்று சொல்லிக் கொடுக்கிறது. பாடத்தைக் கேட்ட அணுக்கள் ஒன்று பத்தாகி, பத்து நூறாகிப் பெருக வேண்டும். பெருகினால்தான் எதிர்ப்பணு உண்டாகும். என் மாத்திரைகளில் ஒன்று அணுக்களை விழிக்க விடாது. இன்னொன்று பெருக விடாது. ஆகவே உஸ்தாது ஒழுங்காகத்தான் பாடம் நடத்தினார், பிள்ளைதான் மருந்து மயக்கத்தில் இருந்தது. ஊசியில் குறை இல்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் உறுப்பு மாற்று செய்த 658 பேரைப் பரிசோதித்து 2021 மே மாதம் வெளியிட்டார்கள். இரண்டு ஊசி போட்ட பிறகும் அவர்களில் 100-க்கு 46 பேருக்கு எதிர்ப்பணு இல்லை. பிரான்சில் 101 பேருக்கு மூன்று ஊசி போட்டுப் பார்த்தார்கள். முதல் ஊசிக்குப் பிறகு 100-க்கு 4 பேருக்குத்தான் எதிர்ப்பணு வந்தது. இரண்டாவதுக்குப் பிறகு 40 பேர். மூன்றாவதுக்குப் பிறகு 68 பேர். அங்கே போட்ட ஊசி வேறு, இங்கே நாம் போட்டது வேறு. ஆனாலும் இந்தக் கணக்கு நமக்கு இரண்டு விஷயத்தைச் சொல்கிறது. மந்தமான பிள்ளைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தால் பாடம் ஏறும். அப்படிச் சொல்லிக் கொடுத்தும் ஏறாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். எதிர்ப்பணு ‘இல்லை’ என்று வந்தால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தம் கிடையாது. அந்தப் பரிசோதனையில் தெரியாத வேறு வகைக் காவல் அணுக்களும் உண்டு. அவை கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கலாம். ‘இருக்கிறது’ என்று வந்தாலும் அதை நம்பிக் கூட்டத்துக்குள் போய்விடக் கூடாது. ‘காகிதத்தைப் பார்க்காதீர்கள், ஊசி போடாதவர் மாதிரியே நடந்துகொள்ளுங்கள்’ என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறேன்.

மூன்றாவது ஊசியை நம் நாட்டில் இந்த ஜனவரி 10-ந் தேதியிலிருந்து போடுகிறார்கள். மருத்துவப் பணியாளர்கள், முன்களப் பணியாளர்கள், அறுபது வயது நிறைந்தவர்கள் ஆகியோருக்குத்தான் இப்போது அனுமதி. எனக்கு நாற்பத்தெட்டு. என் முறை இன்னும் வரவில்லை. வந்த அன்றைக்கே, இன்ஷா அல்லாஹ், வரிசையில் முதல் ஆளாக நிற்பேன். அறுபது தாண்டிய பெரியவர்கள், குறிப்பாக நோய் உள்ளவர்கள், உங்கள் முறை வந்தும் போடாமல் இருந்தால் தயவுசெய்து தாமதிக்காதீர்கள். எனக்குக் கிடைக்காதா என்று நான் ஏங்குகிற ஒன்று உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

யார் யார் இந்தக் கணக்கில் வருகிறார்கள்?

கிட்னி மாற்றியவர்கள் மட்டும் இல்லை. கல்லீரல் மாற்று செய்தவர்கள், புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள், ரத்தப் புற்று உள்ளவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், முடக்குவாதம், லூபஸ் போன்ற நோய்களுக்கு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லோரும் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் பலவீனம் ஒரே அளவில் இருக்காது. தனக்கு எவ்வளவு என்பதை அவரவர் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர்களைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. நான் கடையில் உட்கார்ந்திருக்கும்போது யாரும் என்னை நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். அதனால்தான், ‘நல்லாத்தானே இருக்கீங்க காக்கா, இன்னும் என்ன பயம்?’ என்று கேட்கிறார்கள்.

சென்ற அக்டோபரில் அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் கொரோனாவால் இறந்துபோனார். வயது 84. முழுமையாக ஊசி போட்டவர். உடனே நம் வாட்ஸ்அப்பில் எல்லாம், ‘இரண்டு ஊசி போட்டவரே போய்விட்டார், ஊசியால் என்ன பயன்?’ என்று சுற்ற ஆரம்பித்தது. அவருக்கு மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்று இருந்ததை அந்தச் செய்திகளில் யாரும் போடவில்லை. எதிர்ப்பணுவை உண்டாக்கும் அணுக்களிலேயே வருகிற புற்று அது. அவர் மரணத்திலிருந்து நாம் படிக்க வேண்டிய பாடம், அந்த மாதிரி நோயாளியைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதுதான். தலைகீழாகப் படித்துவிட்டோம்.

வராத தாய்மாமன்

இனிச் சொல்லப் போவது என் குடும்ப விஷயம். ராத்தாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் சொல்கிறேன்.

சென்ற டிசம்பரில் ராத்தாவின் மகளுக்கு நிக்காஹ். என் மடியில் வளர்ந்த பிள்ளை. கல்யாண வேலை முழுவதையும் நான்தான் முன்னால் நின்று செய்வேன் என்று அவள் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அந்த நேரத்தில்தான் ஒமிக்ரான் என்று புதிதாக ஒன்று கிளம்பியது. மண்டபத்தில் ஐந்நூறு பேர். ஏசி போட்டு, கதவை எல்லாம் சாத்தியிருப்பார்கள். நான் டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் போகாதே என்று சொல்லவில்லை. ‘உங்களுக்கே தெரியும்’ என்று மட்டும் சொன்னார்.

நான் மண்டபத்துக்குள் போகவில்லை. தெருமுனையில் காரை நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியில் ஈஜாப் கபூல் கேட்டது. அங்கிருந்தே துஆவுக்கு ஆமீன் சொன்னேன்.

அன்றைக்குச் சொந்தத்தில் சிலர் பேசியது இரண்டு நாளில் என் காதுக்கு வந்துவிட்டது. ‘கிட்னி கொடுத்த ராத்தா வீட்டுக் கல்யாணம். இரண்டு ஊசியும் போட்டாச்சு. உள்ளே வந்து பிள்ளை தலையில் கை வைக்க முடியலையா? அவ்வளவு பெரிய மனுஷனாயிட்டாரா?’ பேசியவர்கள் கெட்டவர்கள் இல்லை. என் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு ஊசி போட்டால் போதும் என்பது. அதற்கு மேல் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நோயைச் சொன்னால் இரக்கப்படுவார்களே என்ற வீம்பில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தப்பு என் மேலும்தான்.

மூன்றாம் நாள் ராத்தா என் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வரவில்லை. திண்ணையில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டு, வாசலில் நின்றார்கள். நான் அழுதேன். அப்போது ராத்தா சொன்னார்கள்: ‘தம்பி, நீ உள்ளே வந்து, காய்ச்சல்ல படுத்து, ஏதாவது ஆயிருந்தா, நான் கொடுத்தது என்ன ஆகும்? நீ வராம இருந்ததுதான் நீ எனக்கு வச்ச மொய்.’

பெரியோர்களே, ராத்தாவுக்குப் புரிந்தது ஊர் முழுவதும் புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு நான் பேச ஒப்புக்கொண்டேன்.

‘எதிர்ப்பு சக்தி’ மருந்துகள்

இந்த இரண்டு வருடத்தில் என் வீட்டுக்கு வந்த கஷாயம், சூரணம், லேகியம் எல்லாம் ஒரு கடை வைக்கலாம். எல்லாம் அன்போடு கொடுத்ததுதான். ‘எதிர்ப்பு சக்தியைக் கூட்டும், சாப்பிடுங்க’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். மாதாமாதம் ஆயிரக்கணக்கில் செலவழித்து எதிர்ப்பு சக்தியைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன் நான்! அது கூடினால் முதலில் அடி வாங்குவது ராத்தாவின் கிட்னி.

கருஞ்சீரகத்தின் மேல் நம் எல்லோருக்கும் மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் என் மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் கிட்னி கெடும், குறைந்தால் உடம்பு கிட்னியை எதிர்க்கும். சில மூலிகைகளும், பம்பளிமாஸ் மாதிரி சில பழங்களும் அந்த அளவை மாற்றிவிடும். ஆகவே டாக்டரைக் கேட்காமல் எதையும் வாயில் போடுவதில்லை. என்னைப் போன்றவர்களுக்கு எதையாவது கொடுக்க நினைத்தால் முதலில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நோயாளிகளுக்கும் ஒன்று சொல்கிறேன். ‘மாத்திரையை ஒரு வாரம் நிறுத்திவிட்டு ஊசி போட்டால் நன்றாகப் பிடிக்குமாம்’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படி நீங்களாகச் செய்யவே செய்யாதீர்கள். போன கிட்னி திரும்பி வராது. மருந்தைக் குறைப்பதும் தள்ளிப்போடுவதும் டாக்டரின் முடிவு. காய்ச்சல் வந்தால் ‘ஒரு நாள் பார்ப்போம்’ என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குச் சில நேரம் காய்ச்சல் கூடப் பெரிதாகக் காட்டாது. மருந்துக் கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், பல வலி மாத்திரைகள் கிட்னிக்கு ஆகாதவை. மாத்திரை எப்போதும் ஒரு மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். சென்ற வருடம் மே 24-ந் தேதி தளர்வில்லாத ஊரடங்கு போட்டபோது என்னிடம் ஐந்து நாள் மாத்திரைதான் இருந்தது. நம் ஊர் மருந்துக் கடைகளில் அது கிடைக்காது. நம் அறக்கட்டளை வாலிபர்கள் அனுமதி வாங்கி, சென்னைக்குப் போய் வாங்கி வந்து, என் வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஈருலகிலும் நற்கூலி தருவானாக.

பயமா, தவக்குல் இல்லையா?

‘அல்லாஹ் மேல் நம்பிக்கை வைத்துவிட்டால் எதற்குப் பயம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஹள்ரத் அவர்களை வைத்துக்கொண்டு இதற்கு நான் பதில் சொல்வது முறையில்லை. அவர்களிடம் நான் கேட்டுத் தெளிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒட்டகத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி ஒரு கிராமவாசிக்கு நபி (ஸல்) அவர்கள் சொல்லிக் கொடுத்தது நாம் எல்லோரும் அறிந்ததுதான். உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டுப் போகும் வழியில், அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று செய்தி வந்தது. தோழர்களைக் கலந்து ஆலோசித்து, வழியிலிருந்தே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்களை விட நம்பிக்கை கூடியவர்களா நாம்?

பச்சைப் பூண்டு, வெங்காயம் சாப்பிட்டவர் அந்த வாடையோடு பள்ளிக்கு வர வேண்டாம் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பக்கத்தில் தொழுபவருக்கு இடைஞ்சல் ஆகும் என்பதற்காக. வாடைக்கே அவ்வளவு கவனம் என்றால், இருமலோடும் காய்ச்சலோடும் வந்து ஸஃப்பில் நிற்பதைப் பற்றி நாம் யோசிக்க வேண்டாமா?

ரமளானில் நாம் செய்யக்கூடியவை

இன்னும் ஒரு வாரத்தில், இன்ஷா அல்லாஹ், ரமளான் வந்துவிடும். 2020-ல் பள்ளிவாசல் பூட்டியிருந்தது. சென்ற வருடம் பெருநாள் தொழுகையை வீட்டிலேயே தொழுதோம். இந்த ஜனவரியில் கூட வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தலங்களை மூடியிருந்தார்கள். இப்போது எல்லாம் திறந்தாகிவிட்டது. தராவீஹ், இஃப்தார், நோன்புக் கஞ்சி எல்லாம் பழையபடி நடக்கும். உங்களைப் போலவே எனக்கும் அதில் சந்தோஷம். யாரும் எனக்காகப் பள்ளியைப் பூட்ட வேண்டாம். சில சின்ன விஷயங்களைத்தான் கேட்கிறேன்.

முதலாவது, ஊசி. இரண்டாவது ஊசி போடாமல் விட்டவர்கள் போட்டுவிடுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஜனவரியிலிருந்தும், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மாதத்திலிருந்தும் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் பலவீனமான ஒருவர் இருந்தால், அவரைச் சுற்றியிருக்கும் எல்லோரும் போட்டிருப்பது அவருக்கு ஒரு மதில். அவர் உடம்பில் ஏறாத பாடம் உங்கள் உடம்பில் ஏறும். ஊசி போட்டவர்களுக்கும் நோய் வரலாம், பரவலாம். ஆனாலும் மதிலில் ஓட்டை குறையும்.

இரண்டாவது, காய்ச்சல், சளி, தொண்டை வலி உள்ளவர்கள் குணமாகும் வரை வீட்டில் தொழுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

மூன்றாவது, பள்ளியில் தராவீஹ் நேரத்தில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே வந்து வெளியே போனால் பாதி ஆபத்து குறைந்த மாதிரி. வெளித் தாழ்வாரத்தில் ஓர் ஓரத்தை, முகக்கவசம் போட்டு இடைவெளி விட்டு நிற்பவர்களுக்காக ஒதுக்கிக் கொடுத்தால், என்னைப் போன்ற சிலர் வீட்டில் ஒளுச் செய்துகொண்டு, சொந்த முஸல்லாவோடு வந்து நிற்போம். எங்களுக்கு அது போதும். நிர்வாகிகள் இதைப் பரிசீலிக்க வேண்டும்.

நான்காவது, முகக்கவசம் போட்டு வருபவரைக் கேலி செய்யாதீர்கள். அவர் ஏன் போடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்காக இருக்கலாம், வீட்டில் கீமோ எடுக்கும் மனைவிக்காக இருக்கலாம்.

ஐந்தாவது, நோன்பு. மாற்றுச் சிகிச்சை செய்த சிலருக்கு நோன்பு வைக்க டாக்டர் அனுமதிப்பார், பலருக்கு அனுமதிக்க மாட்டார். என் மாத்திரைக்கு இடைவெளி பன்னிரண்டு மணி நேரம். நம் ஊரில் ஸஹரிலிருந்து இஃப்தார் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. தண்ணீரும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நான் நோன்பு வைப்பதில்லை, ஃபித்யா கொடுக்கிறேன். பகலில் நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் உண்டு. உங்களை விட எனக்குத்தான் அது வலிக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நோயாளிகள் டாக்டரையும் கேட்டு, ஹள்ரத்தையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, நலம் விசாரிப்பது. நோயாளியைப் போய்ப் பார்ப்பது பெரிய நன்மை. அதை விட்டுவிடாதீர்கள், முறையை மாற்றிக்கொள்ளுங்கள். போன் செய்துவிட்டு வாருங்கள். திண்ணையில், காற்றோட்டத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். கஞ்சி வாளியை வாசலில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுங்கள். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு நோயை விடக் கஷ்டமாக இருந்தது தனிமைதான். ‘வராதவன்தானே’ என்று மறந்துவிட்டால் மனது உடைந்துவிடும். பெருநாள் அன்று என்னைக் கட்டிப்பிடிக்காதீர்கள், ஆனால் என் தெரு வழியாகப் போங்கள். நான் மாடியில் நின்று ஸலாம் சொல்வேன்.

அறக்கட்டளையிடமும் ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி நோயாளிகள் ஊரில் யார் யார் என்ற பட்டியலை, வெளியே போகாமல், மருத்துவப் பிரிவு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மூன்றாவது ஊசிக்கு எங்கள் வயதுக்கும் அனுமதி வரும் நாளில் ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்லுங்கள். மற்றவர்களோடு ஒரே வரிசையில் நிற்காமல், கூட்டம் இல்லாத நேரத்தில் போட்டுவர ஏற்பாடு செய்யுங்கள். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவர்கள் நினைத்தாலும் வீட்டில் இருக்க முடியாது. ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்துதான் போகிறார்கள். நம் ஆம்புலன்ஸ் சும்மா நிற்கும் நேரத்தில் அவர்களைக் கொண்டுபோய் விட முடியுமா என்று பாருங்கள்.

என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். எட்டு மணி ஆகப் போகிறது, மாத்திரை நேரம். என் ராத்தா அந்தத் திரைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் உடல்நலத்துக்கும், நம் ஊரில் வெளியே வர முடியாமல் இருக்கும் எல்லா நோயாளிகளுக்கும் துஆ செய்யுங்கள். இந்த ரமளானை ஆரோக்கியத்தோடு அடைந்து, அதன் பரக்கத்தை முழுமையாகப் பெறும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.